நுண்செயலிக் குடும்பங்களும் தமிழ் எழுத்தும்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்ட ஆண்டாகத் தமிழர் நினைவில் நிலைத்துவிட்டது. மே மாதம் 31ஆந் திகதி இரவு மூண்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதன் பின்னர் பதினொரு கிழமைகள் கழியுமுன், ஆகஸ்ட் 12ஆந் திகதி, ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணனியை நியூயோர்க் நகரில் அறிமுகஞ் செய்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே தொடர்பேதுமில்லை. எனினும், எழுத்தைக் காக்குங் கருவியொன்று உலகில் பரவத் தொடங்கிய காலமும், காக்கப்படாத எழுத்துக்கு என்ன நேரும் என்பதைத் தமிழர் கண்டறிந்த காலமும் ஒன்றாயிருந்தன என்பது சிந்தனைக்குரியது. அக்கருவியினுள்ளே தமிழ் எழுத்து இடம்பெறுவதற்கு ஆண்டுகள் பல சென்றன. இடம்பெற்ற பின்னரும், ஒரு கணனியில் எழுதப்பட்டது மற்றொன்றில் வாசிக்க இயலாததாய் இருந்த காலம் நீண்டது. இதன் காரணங்களை அறிய, கணனியின் மையமாக விளங்கும் நுண்செயலியின் வமிச வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

குடும்பம் என்பதன் பொருள்

நுண்செயலி என்பது கணித்தல், ஒப்பிடல், கட்டுப்படுத்தல் ஆகிய தொழில்களைப் புரியும் சுற்றுக்கள் அனைத்தையும் ஒரு சிறு சிலிக்கன் தகட்டில் அடக்கிய உறுப்பாகும். ஒவ்வொரு நுண்செயலியும் தனக்கென வகுக்கப்பட்ட அறிவுறுத்தல் தொகுதியொன்றை மாத்திரமே விளங்கிக்கொள்ளும். ஒன்றுக்கென எழுதப்பட்ட செய்நிரலை வேறு தொகுதியைக் கொண்ட மற்றொன்று நிறைவேற்றமாட்டாது. எனவே, புதிய நுண்செயலியை ஆக்குவோர் பழைய தொகுதியைத் தழுவிச் செல்வதா, அதனைக் கைவிட்டுப் புதிதாய்த் தொடங்குவதா என்னும் வினாவை எதிர்நோக்குவர். பழையதைத் தழுவி வளர்ந்தவற்றின் தொடர்ச்சியே நுண்செயலிக் குடும்பம் எனப்படுகின்றது. மொழிகளின் வரலாற்றில் மூலமொழி, கிளைமொழி என வகுக்கும் முறை இவற்றுக்கும் பெரிதும் பொருந்தும்.

தோற்றம்

இக்குடும்பங்களின் தோற்றம் தற்செயலானது. 1968இல் றொபேட் நொய்ஸ், கோர்டன் மூர் ஆகியோரால் நிறுவப்பட்ட இன்ரெல் நிறுவனம் நினைவகச் சில்லுகளை ஆக்கி விற்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. யப்பானிய நிறுவனமாகிய பிசிகொம், மேசைக் கணிப்பான்களுக்கு வேண்டிய சில்லுகளை ஆக்கித் தருமாறு அதனைக் கேட்டது. பல தனித்தனிச் சில்லுகளுக்குப் பதிலாகச் செய்நிரலால் இயக்கப்படும் பொதுநோக்குச் சில்லொன்றை ஆக்கலாம் என்னுங் கருத்தை ரெட் ஹொவ் முன்வைத்தார். ஸ்ரான் மேசரும் பிசிகொம் நிறுவனத்தின் மசதோஷி ஷிமாவும் அதன் அமைப்பை வகுப்பதிற் பங்குகொண்டனர். இத்தாலியரான பெடரிக்கோ பஜின் அதனைச் சிலிக்கனில் வடித்தார். 1971 நவம்பரில் வெளிவந்த 4004 என்னும் அச்சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. அது ஒரு வேளையில் 4 பிற்றுக்களைக் கையாண்டது. அதன் உரிமை முதலிற் பிசிகொம் நிறுவனத்திடமே இருந்தது. இன்ரெல் 60,000 டொலர் கொடுத்து அதனை மீட்டுக்கொண்டது.

எனினும் இன்று உலகெங்கும் பரந்துள்ள இன்ரெல் குடும்பத்தின் மூதாதை 4004 அன்று. 1972இல் வெளிவந்த 8 பிற்றுச் சில்லாகிய 8008இலிருந்தே அவ்வமிசம் தொடங்குகின்றது. அதன் அறிவுறுத்தல் தொகுதியும் இன்ரெல் நிறுவனத்தில் உருவானதன்று. ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரிலிருந்த கொம்பியூட்டர் ரேர்மினல் கோப்பரேசன் என்னும் நிறுவனம் தனது டேற்றாபொயின்ற் 2200 என்னும் பொறிக்கென வகுத்த தொகுதியே அதுவாகும். அப்பொறி தரவைப் பிற்றுப் பிற்றாகக் கையாண்டமையால், கூட்டல் செய்யும்போது ஒன்றாமிடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆதலின் பேரெண்ணின் தாழ்ந்த பகுதி நினைவகத்தில் முதலில் வைக்கப்பட்டது. 8008 சில்லு காலந்தாழ்த்தி முடிந்தபோது அந்நிறுவனம் அதனைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் தாழ்ந்த பகுதியை முதலில் வைக்கும் அவ்வழக்கம் இன்ரெல் குடும்பத்தில் இன்றுவரை மாறாதுள்ளது. பொறி மறைந்தது, அதன் வழக்கம் அரைநூற்றாண்டு கடந்து வாழ்கின்றது. ஒரு குடும்பத்தின் தொடக்கத்தில் எடுக்கப்படும் சிறு முடிவு எத்துணை நீண்ட ஆயுளை உடையது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எட்டுப் பிற்றுக் காலம்

1974இல் இன்ரெல் 8080ஐ வெளியிட்டது. 64 கிலோபைற்று நினைவகத்தைக் கையாளவல்ல இச்சில்லைக் கொண்டு எம்.ஐ.ரி.எஸ். நிறுவனம் ஆக்கிய அல்ரெயர் 8800, 1975 ஜனவரியில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் அட்டையில் இடம்பெற்றது. விசைப்பலகையோ திரையோ அதற்கில்லை. பயன்படுத்துவோர் தாமே பொருத்திக்கொள்ள வேண்டிய பெட்டி அது. ஆயினும் தனியொருவர் கணனியொன்றைச் சொந்தமாக வைத்திருக்கலாம் என்னும் எண்ணத்தை அது பரப்பியது. பில் கேற்ஸ், போல் அலன் என்போர் அதற்கென எழுதிய பேசிக் மொழியே மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தின் தொடக்கமாயிற்று. கரி கில்டால் ஆக்கிய சி.பி.எம். என்னும் இயக்க முறைமையும் 8080 குடும்பத்தைச் சார்ந்தே வளர்ந்தது.

இக்குடும்பத்திலிருந்து கிளையொன்று விரைவிற் பிரிந்தது. இன்ரெல்லை விட்டு நீங்கிய பஜின், றல்ப் அங்கமானுடன் சேர்ந்து சைலொக் நிறுவனத்தைத் தொடங்கினார். ஷிமாவும் அங்குச் சென்றார். அவர்கள் 1976இல் வெளியிட்ட இசட் 80, 8080இன் செய்நிரல்களை மாற்றமின்றி இயக்கியதோடு அதனினும் வசதி மிக்கதாயும் விளங்கியது. ரி.ஆர்.எஸ். 80, சின்கிளேயர் ஸ்பெக்ரம் முதலியவை இதனை உள்ளடக்கியவை. 2024இலேயே இதன் உற்பத்தியை முடிவுறுத்துவதாகச் சைலொக் அறிவித்தது என்பதைக் கொண்டு இதன் நீண்ட ஆயுளை உணரலாம்.

மற்றொரு குடும்பம் மோட்டோரோலாவின் 6800இலிருந்து தோன்றியது. 1974இல் வெளிவந்த அச்சில்லின் ஆக்கத்திற் பங்குகொண்ட சக் பெடிலும் அவர்தம் தோழரும் விலை குறைந்த சில்லொன்றை ஆக்க விரும்பினர். நிறுவனம் அதற்கு இசையாமையால் அவர்கள் எம்.ஓ.எஸ். ரெக்னொலொஜிக்குச் சென்று 1975இல் 6502ஐ வெளியிட்டனர். 8080 ஒன்றின் விலை 360 டொலராயிருந்த நிலையில் 6502 ஒன்றின் விலை 25 டொலரே. அப்பிள், கொமடோர், அற்றாரி ஆகிய நிறுவனங்களின் தொடக்ககாலக் கணனிகளும், 1981இன் இறுதியில் பிரித்தானியாவில் வெளிவந்த பி.பி.சி. மைக்கிரோவும் இதனையோ இதன் வழிவந்தவற்றையோ கொண்டியங்கின. கணனியை ஆய்வுகூடத்திலிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொணர்ந்ததில் இவ்விலைக் குறைப்பின் பங்கு பெரிது.

இடைக்காலச் சில்லு அரசோச்சியமை

அடுத்த தலைமுறையில் இன்ரெல் தன் நம்பிக்கை முழுவதையும் 432 என்னும் புத்தம்புதிய அமைப்பின் மீது வைத்திருந்தது. அதன் ஆக்கம் தாமதித்தபோது, இடைவெளியை நிரப்புவதற்காகவே 8086 தொடங்கப்பட்டது. ஸ்ரீவன் மோர்ஸ் அதன் அமைப்பை வகுத்தார். 8080க்கென எழுதிய மூலச் செய்நிரல்களை எளிதில் மாற்றியமைக்கக்கூடியதாய் அது இருக்கவேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. 16 பிற்றுச் சில்லாகிய 8086, 1978 ஜூனில் 29,000 திரான்சிற்றர்களுடன் வெளிவந்தது. 1 மெகாபைற்று நினைவகத்தை 64 கிலோபைற்றுத் துண்டங்களாகப் பகுத்தே அதனால் நோக்க முடிந்தது. செய்நிரலாளர் பலர் இதனைப் பெருந்தொல்லையாகக் கருதினர். 1981இல் வெளிவந்த 432 தோல்வியுற்றது. தற்காலிக ஏற்பாடாய்ப் பிறந்த 8086 நிலைபெற்றது.

மோட்டோரோலா எதிர்வழியைத் தேர்ந்தது. 1979இன் 68000 பழைய 6800ஐத் தழுவாது புதிதாய் வகுக்கப்பட்டது. உள்ளே 32 பிற்றுப் பதிவிகளையும், துண்டமின்றி நோக்கத்தக்க 16 மெகாபைற்று நினைவகப் பரப்பையும் உடைய இதனை வடிவமைப்பிற் சிறந்ததெனப் பலர் போற்றினர். 1984இன் அப்பிள் மக்கின்ரொஷ், 1985இன் அமிகா ஆகியவை இதனைக் கொண்டே எழுந்தன.

இவ்விரு குடும்பங்களின் போட்டி எவ்வாறு முடிந்தது என்பதே இவ்வரலாற்றின் மையமான வினாவாகும். ஐ.பி.எம். தனது கணனிக்கு 8086இன் மலிவான வடிவமாகிய 8088ஐத் தெரிவுசெய்தது. 8 பிற்று வெளித்தடத்தைக் கொண்டமையால், ஏற்கெனவே சந்தையிலிருந்த மலிவான துணைச்சில்லுகளை அதனுடன் இணைக்க முடிந்தது. வேண்டிய தொகையில் அது கிடைக்கவுஞ் செய்தது. ஒரே வழங்குநரைச் சார்ந்திருக்க விரும்பாத ஐ.பி.எம்., இரண்டாவது ஆக்குநர் ஒருவர் வேண்டுமென வற்புறுத்தியமையால் ஏ.எம்.டி. நிறுவனமும் இக்குடும்பத்துள் வந்தது. கொம்பாக் முதலிய நிறுவனங்கள் ஐ.பி.எம். கணனியின் அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டுச் செய்நிரலைத் தாமே புதிதாய் எழுதி, ஒத்தியங்கும் கணனிகளை விற்கத் தொடங்கின. பின்னர் வந்த 80286, 1985இன் 80386, 1989இன் 80486, 1993இன் பென்ரியம் ஆகியவை ஒவ்வொன்றும் முன்னையதன் செய்நிரல்களை ஏற்றுக்கொண்டன. புனேயிற் பிறந்த வினோத் தாம் பென்ரியத்தின் ஆக்கத்திற் தலைமைப் பங்கு வகித்தார். சிறந்த வடிவமைப்பு மாத்திரம் ஒரு குடும்பத்தை வாழ்விக்கப் போதாது என்பதும், மக்கள் ஏற்கெனவே எழுதிச் சேர்த்துவைத்த செல்வத்தைக் கைவிடாத குடும்பமே நெடிது வாழ்கின்றது என்பதும் இதனாற் பெறப்படும்.

தெற்காசியச் சூழல்

ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டு நீங்கியமை உள்நாட்டு முயற்சிகளுக்கு வழிவகுத்தது. திருச்செந்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவரான சிவ நாடாரும் தோழர்களும் 1976இல் தொடங்கிய எச்.சி.எல். நிறுவனம் அக்காலத்திலேயே நுண்கணனி ஆக்கத்தில் இறங்கியது. இந்திய அரசு மொகாலியில் நிறுவிய செமிக்கொண்டக்டர் கொம்பிளெக்ஸ் நிறுவனம் 1980களிற் சில்லு உற்பத்தியைத் தொடங்கியது. 1984-85இல் பாடசாலை மாணவருக்குக் கணனியறிவு புகட்டும் கிளாஸ் திட்டத்துக்குப் பி.பி.சி. மைக்கிரோ தெரிவுசெய்யப்பட்டது, யூனிக்கோர்ன் என்னும் பெயரில் அதன் இந்திய வடிவத்தை அந்நிறுவனம் ஆக்கியது. 1989 பெப்ரவரியில் அங்கு மூண்ட தீ தொழிற்சாலையை அழித்தது. அதனால் நேர்ந்த பின்னடைவு ஆண்டுகள் பல நீடித்தது. இலங்கையில் 1984ஆம் ஆண்டிற் கணனி, தகவற் றொழினுட்பப் பேரவை அமைக்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அம்முயற்சிகளின் முன்னோடியாவார்.

திரையிற் தமிழ்

தமிழ் எழுத்துக் கணனியுட் புகுந்த வரலாறு இக்குடும்பப் பிரிவினையை ஒட்டியே அமைந்தது. ஐ.பி.எம். கணனியின் முதலாவது ஒருநிறத் திரையட்டை எழுத்துக்களை மாத்திரமே காட்டும். எழுத்துக்களின் உருவங்கள் மாற்றவியலாத நினைவகத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்தொன்றுக்கு 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமுங் கொண்ட கட்டமே கிடைத்தது. நிறத்திரை அட்டையில் அது அகலத்திலும் உயரத்திலும் 8 புள்ளிகளாகச் சுருங்கியது. உரோம எழுத்துக்கு இக்கட்டம் போதும். ஆயின் ‘ணை’, ‘ஞௌ’ போன்றவற்றை அதனுள் அடக்குதல் இயலாது. சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆதலின் தமிழ் மென்பொருள் ஆக்கியோர் வரைபடநிலையைப் பயன்படுத்தி, ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாகத் தாமே வரையவேண்டியவராயினர். 8088இன் வேகத்துக்கு அது பெருஞ்சுமை. இத்தடைகளுக்கிடையே 1980களின் நடுப்பகுதியிற் கனடாவில் முனைவர் கே. சீனிவாசன் ‘ஆதமி’யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வையும் ஆக்கியமை போற்றத்தக்க பணியாகும்.

68000ஐக் கொண்ட மக்கின்ரொஷ் கணனியின் நிலை வேறு. 512 x 342 புள்ளிகளைக் கொண்ட அதன் திரையில் எழுத்தும் படமும் ஒருதன்மைத்தாய் வரையப்பட்டன. எழுத்துரு கணனியின் உறுப்பாக அன்றி, மாற்றத்தக்க கோப்பாக இருந்தது. எழுத்துருவொன்றை ஆக்கிச் சேர்த்தமாத்திரத்தே பொதுவான மென்பொருள்கள் யாவற்றிலுந் தமிழை எழுதலாயிற்று. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிற் பணியாற்றிய முனைவர் கு. கலியாணசுந்தரம் 1993இல் ‘மயிலை’ எழுத்துருவை முதலில் மக்கின்ரொஷ் கணனிக்கே இலவசமாக வழங்கினார். பின்னர் விண்டோசும் இவ்வழியைப் பின்பற்றியபோது இரு குடும்பங்களிலுந் தமிழ் எளிதாயிற்று.

குறியேற்றப் பிளவு

எளிமை புதிய இடரொன்றைத் தந்தது. ஒரு பைற்றில் அமையக்கூடிய குறிகள் 256. அவற்றின் முற்பாதியில் உரோம எழுத்துக்களும் எண்களும் இடம்பெற்றிருந்தன. எஞ்சிய இடத்திற் தமிழை எவ்வாறு அமைப்பது என்பதை ஒவ்வொரு மென்பொருளாளரும் தத்தம் மனம்போனவாறு முடிவுசெய்தனர். சிலர் உரோம எழுத்துக்களின் இடத்திலேயே தமிழை அமைத்தனர். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்கிலிருந்த ‘பாமினி’ எழுத்துரு இத்தகையது. அதில் எழுதப்பட்ட ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணனியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தோன்றும். பத்திரிகைகளும் சிறப்பு மலர்களும் நினைவிதழ்களும் இவ்வாறு தட்டச்சாகின. நுண்செயலிகள் ஒரு குடும்பத்துள் ஒன்றுபட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே தமிழ்க் குறியேற்றங்கள் பல்கிப் பிரிந்துகொண்டிருந்தன.

இந்நிலையை மாற்றும் முயற்சி 1990களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் 1997இல் நடைபெற்ற மாநாடும், 1999 பெப்ரவரியிற் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடும் பொதுநியமத்தை நாடின. திஸ்கி, தாம், தாப் என நியமங்கள் தோன்றின. ஆயின் நிலைபெற்றது ஒருங்குறியாகும். 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிற் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாய் வகுக்கப்பட்ட இஸ்கி நியமத்தின் வரிசையைத் தழுவியே அவை அமைந்தன. அகரமேறியவை தவிர்ந்த ஏனைய உயிர்மெய் எழுத்துக்களுக்குத் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தே அவை ஆகும். தமிழின் இலக்கண மரபுக்கு இது முற்றும் ஒவ்வாது என அறிஞர் பலர் குறைகூறினர். அனைத்தெழுத்துக்கும் இடந்தரும் 16 பிற்றுக் குறியேற்றமொன்று முன்மொழியப்பட்டதும், 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றதும் இக்குறையின் விளைவே.

ஒருங்குறியின் நிலை 8086இன் நிலையை ஒத்தது. இரண்டும் தம் முன்னோரின் வடுக்களைத் தாங்கி நிற்பவை. இரண்டையும் விடச் சிறந்த வடிவங்களைக் கற்பனை செய்தல் அரிதன்று. ஆயின் இரண்டிலும் முன்னர் எழுதியது பின்னரும் வாசிக்கப்படுகின்றது. ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை இடமாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்ட நூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டமையாற் தப்பின. மாற்றுவாரற்ற தனிக்குறியேற்றக் கோப்புகளுக்கு அவ்வாறான உத்தரவாதம் இல்லை.

வன்னியும் இவ்வரலாறும்

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்த தர்மபுரம் போன்ற ஊர்களில் இவ்வரலாறு வேறு வகையில் உணரப்பட்டது. 80486உம் பென்ரியமும் உலகெங்கும் பரவிய 1990களில் வன்னியில் மின்வழங்கல் இல்லை. எரிபொருள் கட்டுப்படுத்தப்பட்டது, வானொலிக்கு வேண்டிய உலர்மின்கலந்தானும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாய் மாறிய சில்லுகளின் பெயர்கள் எட்டாதவையாயின. 2009 ஜனவரியில் தர்மபுரம் இடம்பெயர்ந்தோரால் நிறைந்து, பின்னர் அதுவும் இடம்பெயர்ந்தது. உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவேடு, கையெழுத்துப் படி, ஒளிப்படம் எனக் கையிற் கொண்டு செல்ல முடியாதவை யாவும் வன்னியெங்குங் கைவிடப்பட்டன.

மீளக் குடியமர்ந்த காலத்தில் வன்னி மக்களின் கைகளுக்கு வந்தது இன்ரெல் குடும்பத்துச் சில்லன்று. பி.பி.சி. மைக்கிரோவை ஆக்கிய கேம்பிறிட்ஜ் நகரத்து ஏகோன் நிறுவனத்தில் சோபி வில்சன், ஸ்ரீவ் பேர்பர் ஆகிய இருவரும் வகுத்து, 1985 ஏப்ரிலில் முதன்முதல் இயங்கிய ஏ.ஆர்.எம். குடும்பத்தின் வழித்தோன்றல்களே கைத்தொலைபேசிகளில் உள்ளவை. ஏறத்தாழ 25,000 திரான்சிற்றர்களைக் கொண்ட அதன் முதற்சில்லு மிகக் குறைந்த மின்வலுவில் இயங்கியது. மின்சிக்கனமே பின்னாளில் அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று. மின்னற்ற மண்ணுக்கு இச்சிறப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அறிவுறுத்தல் தொகுதி முற்றிலும் வேறாயினும், ஒருங்குறியில் எழுதிய தமிழ் இன்ரெல் கணனியிலிருந்து ஏ.ஆர்.எம். தொலைபேசிக்கு எழுத்தொன்றும் பிறழாது செல்கின்றது. செயலிக் குடும்பத்தைக் கடந்து எழுத்து வாழும் நிலை இப்பொழுதே கைகூடியுள்ளது.

முடிவுரை

பெர்க்லியில் 2010இல் தொடங்கிய றிஸ்க் 5 என்னும் திறந்த அறிவுறுத்தல் தொகுதியைக் கொண்டு, சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தார் ‘சக்தி’ என்னுஞ் செயலிக் குடும்பத்தை உருவாக்கியுள்ளனர். 2018இல் அதன் சில்லொன்று இன்ரெல் ஆலையிலும், மற்றொன்று தீயிலிருந்து மீண்ட அதே மொகாலி ஆலையிலும் வடிக்கப்பட்டன. உரிமைக் கட்டணமின்றி யாவரும் பயிலக்கூடிய இத்துறையில் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தினருக்கும், 2021இற் தனிப்பல்கலைக்கழகமாய் உயர்ந்த வவுனியாவின் மாணவருக்கும் வாயில் திறந்தேயுள்ளது.

எனினும் அதனினும் விரைந்து செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணிவருகின்றது. அவ்வாறு சேராது, பழைய நெகிழ்வட்டுக்களிலும் வன்தட்டுக்களிலும், பாமினி முதலிய எழுத்துருக்களிற் தட்டச்சாகி முடங்கிக் கிடப்பவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். அவற்றை வாசிக்கவல்ல கணனிகளும், குறியேற்றங்களை அறிந்தோரும் இருக்கும்போதே அது செய்யப்படல் வேண்டும். ஏடுகளைப் படியெடுத்தோர் இருந்தமையாலேயே சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய எழுத்து, திறக்கவியலாத கோப்பாய் அழியுமாயின் அப்பழி ஏடெடுக்க மறந்த தலைமுறையையே சாரும்.